காத்து வண்டியின் சிவப்பு விளக்கு

சூடேறிய இரும்பின்மேல் எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு விழுந்தால் முதலில் ஒரு சீறல் கேட்கும், பிறகு நீலமாகப் புகை எழும், அதற்கும் பிறகுதான் அந்த வாசனை வரும். கருகிய முடியும் தீய்ந்த வெல்லப்பாகும் கலந்தது போன்ற அந்த வாசனை இன்றைக்கும் எங்கேயாவது ஒரு பழைய டாக்சியின் அடியிலிருந்து வந்து என் மூக்கில் ஏறினால், நான் நடக்கிற இடத்திலேயே நின்றுவிடுகிறேன், நாற்பது வயது தாண்டிய பிறகும்.

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தின் முனையில் என் வாப்பா இஸ்மாயிலுக்கு ஒரு ‘ஷெட்’ இருந்தது. மேலப்பாளையத்திலிருந்து இளவயதில் பம்பாய் வந்து டாக்சிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் அடியில் படுத்தே தொழில் கற்றவர் அவர். அந்த ஷெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வண்டி வருஷத்தில் நாலைந்து முறை வந்து நிற்கும். தரையோடு தரையாகத் தவழ்கிற மாதிரி தாழ்ந்த, இரண்டே கதவு வைத்த, வெளிர் மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சின் பின்னால் இருக்கும், பெட்ரோல் டேங்க் முன்னால் இருக்கும். ரேடியேட்டர் கிடையாது, எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீரும் கிடையாது. ஒரு பெல்ட் சுழற்றுகிற விசிறியின் காற்றுதான் அந்த எஞ்சினை உயிரோடு வைத்திருந்தது. அதனால் சந்தில் எல்லோரும் அதைக் ‘காத்து வண்டி’ என்றார்கள்.

வண்டி மாட்டுங்காவிலிருந்த கல்யாணி மாமியுடையது. கப்பல் எஞ்சினியராக இருந்த அவர் கணவர் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து அதைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அவர் இறந்ததும் விற்றுவிடச் சொன்ன சொந்தக்காரர்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, காலேஜில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்த மாமி ஐம்பது வயதுக்குமேல் டிரைவிங் கற்றுக்கொண்டு அதைத் தானே ஓட்டினார். பெரிய கம்பெனிக் கராஜ்களில் யாரும் அதைத் தொடச் சம்மதிக்காததால், யாரோ சொல்லி எங்கள் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வாப்பாவுக்கு அந்த வண்டிமேல் இருந்தது ஆசை அல்ல, பயம். அவர் எதற்காவது பயப்பட்டு நான் பார்த்தது அதற்கு மட்டும்தான். “தண்ணி வண்டி சூடாச்சுன்னா ஆவி விட்டு ஊருக்கே சொல்லும். இது சொல்லாது. உள்ளுக்குள்ளயே வெந்துட்டுக் கெடக்கும்” என்பார். எஞ்சின் கூடு மெக்னீசியம் கலந்த உலோகம், அது தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஊற்றினால் வெடிக்கும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது கல்யாணி மாமிதான். அன்று முதல் அந்த வண்டி ஷெட்டில் நிற்கிற நாட்களில் ஒரு வாளி மணல் பக்கத்திலேயே இருக்கும். சந்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வாப்பா பயப்படுகிற ஒன்று எங்கள் வாசலில் நிற்கிறது என்பதே பத்து வயதில் என்னை அதன் பக்கம் அண்டவிடாமல் வைக்கப் போதுமானதாக இருந்தது.

அந்த மே மாதம் வண்டிக்குப் புதிதாக ஒரு ‘லோச்சா’, பம்பாய்ப் பேச்சில் கோளாறு, வந்தது. காலையில் எடுத்தால் நன்றாக ஓடும், இருபது நிமிஷம் நெரிசலில் நின்று நகர்ந்தால் இருமி இருமி அணைந்துவிடும், அரைமணி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஸ்டார்ட் ஆகும். ஷெட்டில் நிற்கும்போது அந்தக் கோளாறு தலையே காட்டாது. வாப்பா கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தார், பெட்ரோல் பம்பை மாற்றினார், காயிலை மாற்றினார். கடைசியில், எஞ்சின் சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது என்ற முடிவுக்கு வந்து, எஞ்சினுக்கு மேலே போகிற பெட்ரோல் ரப்பர் குழாயைத் தள்ளி வேறு வழியில் கட்டினார். பழைய விசிறிப் பெல்ட் தளர்ந்திருந்தது. அந்த அளவில் புதிது எங்கேயும் கிடைக்கவில்லை. பழையதையே இழுத்துக் கட்டினார். இனி வெயில் உச்சியில் நெரிசலில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

உம்மா அப்போது கோவண்டியில், பிரசவமான தன் தங்கை வீட்டில் இருந்தாள். எனக்கு லீவு. என்னைத் தனியே விட்டுப் போக முடியாமல் வாப்பா வண்டியில் ஏற்றிக்கொண்டார், கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். டாஷ்போர்டில் இரண்டு சின்ன விளக்குகள் இருந்தன. பச்சை எரிந்தால் ஆயில் ஓடவில்லை, சிவப்பு எரிந்தால் பெல்ட் போய்விட்டது, விசிறி நின்றுவிட்டது என்று அர்த்தம். வாப்பா நெடியவர். அந்தத் தாழ்ந்த சீட்டில் அவர் உட்கார்ந்தால் ஸ்டியரிங் வளையம் விளக்குகளை மறைத்துவிடும், பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும்.

“நீ ரோட்டப் பாக்காத, கேட்டியா. செவப்பையே பாரு. எரிஞ்சா அந்த நிமிஷமே சொல்லணும்.”

அந்த இரண்டு விளக்குகளையும் நான் எப்படிப் பார்த்தேன் என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கண்ணை இமைத்தால் அந்தக் கணத்தில் எரிந்துவிடுமோ என்று ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன். கண்ணில் நீர் முட்டியது, கழுத்து வலித்தது. முதுகுக்குப் பின்னால் தகரக் கூரையில் கல்மழை பெய்வதுபோல எஞ்சின் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் வண்டி திரும்பியபோது சிவப்பு பளிச்சென்று மின்னியது.

“வாப்பா, செவப்பு” என்று கத்தினேன்.

அவர் நடு ரோட்டில் பிரேக்கைப் போட்டார். பின்னால் வந்த டபுள் டெக்கர் பஸ் கிறீச்சிட்டு நின்றபோது அதன் முகம் எங்கள் பின் கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. டிரைவர் இந்தியில் வைதார். வாப்பா குனிந்து பார்த்தார். விளக்கு எரியவில்லை. வெயில்தான் அந்தக் கண்ணாடிக் குமிழில் பட்டு மின்னியிருக்கிறது.

வாப்பா என்னை அடிக்கவில்லை. ஓரமாக நிறுத்தி, “நல்லாப் பாத்துட்டுச் சொல்லு, ஜமீலா. சும்மாச் சும்மாக் கூப்பாடு போட்டா ரெண்டு பேரும் இங்கயே செத்துப் போவோம்” என்றார்.

அடித்திருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். அந்தச் சொல் என்னைப் பூட்டிவிட்டது.

சயான் தாண்டி செம்பூர் பக்கம் போகிற சாலையில் ஏறினோம். லாரிகளும் பஸ்களும் நெருக்கிக்கொண்டு நகர்ந்தன. வண்டி அணையவில்லை, இருபது நிமிஷம் கடந்துவிட்டது, வாப்பாவின் முகம் கொஞ்சம் இளகத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் சிவப்பைப் பார்த்தேன். பளிச்சென்று அல்ல. ஊதாத அடுப்பில் கங்கு கிடக்குமே, அப்படி மங்கலாகச் சிவந்தது, போய்விட்டது, மறுபடி சிவந்தது. வெயிலா என்று பார்த்தேன். எங்கள்மேல் ஒரு லாரியின் நிழல் விழுந்திருந்தது. வெயில் இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். பின்னால் ஒரு தண்ணீர் டேங்கர் ஒட்டிக்கொண்டு வந்தது. இப்போது சொன்னால் வாப்பா நிறுத்துவார், டேங்கர் எங்கள்மேல் ஏறும் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன். மூன்று நிமிஷம் இருக்கலாம், நான்கு இருக்கலாம். விளக்கு விட்டுவிட்டுச் சிவந்தபடியே இருந்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு பின்னால் ஏதோ பட்டென்று அறுந்து தகரத்தில் அடித்தது. அந்த வாசனை வந்தது, அதன் பின்னாலேயே பச்சைப் பெட்ரோல் நாற்றம் வந்தது. வாப்பா வண்டியை ஓரத்தில் ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கிப் பின்னால் ஓடினார்.

“எறங்கு, எறங்கு” என்ற அவர் குரல் கேட்டது. என் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. அந்தக் கோளாறைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தார். கைப்பிடியை இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன். பின் கண்ணாடி ஆரஞ்சு நிறமாகிவிட்டது. என் முழங்காலுக்கு முன்னால், ஒரே ஒரு தகட்டுக்கு அந்தப் பக்கம் டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். டிரைவர் கதவு திறந்தேதான் கிடந்தது. அந்த வழியாகப் போகலாம் என்று தோன்றவே இல்லை. மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு கோலி மீனவப் பெண்தான் கூடையைப் போட்டுவிட்டு, “ஏ போரி, பாஹேர் யே”, பெண்ணே வெளியே வா, என்று மராத்தியில் அதட்டியபடி அந்தக் கதவு வழியாகக் கையை நீட்டி, என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள்.

அதற்குள் எதிர் டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வாளியில் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். “பானி மத் டாலோ” என்று வாப்பா கத்தினார். தீக்குத் தண்ணீர் வேண்டாம் என்று கத்துகிறவனை யார் நம்புவார்கள்? ஒருவன் ஊற்றிவிட்டான். எரிகிற பெட்ரோல் தண்ணீரின்மேல் மிதந்து வாப்பாவின் காலடிவரை ஓடியது. எஞ்சினின் ஒரு மூலையில், வெல்டிங் வைக்கிற இடத்தில் பார்ப்போமே, அதுபோல் கண்ணைக் குத்துகிற வெள்ளை வெளிச்சம் ஒன்று கிளம்பியது. வாப்பா இரண்டாவது வாளிக்காரனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். சாலையோரம் ஏதோ கட்டட வேலைக்காகக் கொட்டியிருந்த மணலை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அந்த வெளிச்சத்தின்மேல் போட்டார். அவருக்குப் பைத்தியம் இல்லை என்று புரிந்ததும் மற்றவர்களும் அள்ளினார்கள். அணைந்தபோது அவர் முழங்கையிலிருந்து விரல்வரை தோல், கையுறையைக் கழற்றுவதுபோல் உரிந்து தொங்கியது. அவர் என்னைத்தான் தேடிக்கொண்டிருந்தார். நான் அந்தக் கோலிப் பெண்ணின் சேலைக்குள் முகத்தை வைத்திருந்தேன்.

மறுநாள் கல்யாணி மாமி ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாப்பா கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்து, “வண்டியக் கொன்னுட்டேன், மாமி” என்றார்.

“வண்டி கிடக்கட்டும், பாய். குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று மாமி என் பக்கம் திரும்பினார். நான் கட்டிலுக்கு அடியில் பார்த்துக்கொண்டு நின்றேன். பௌதிகம் படித்தவர், என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தேன்.

வாப்பா வீடு திரும்பிய பிறகு எனக்கு அந்தப் பயம் வளர்ந்துகொண்டே போனது. “அந்தப் பெல்ட்ட நாந்தான் இழுத்துக் கட்டினேன், அது அறுந்து பெட்ரோல் கொழாயக் கிழிச்சிருச்சு, தப்பு என் கையிலதான் நடந்துச்சு” என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லும்போது, நான் எழுந்து வெளியே போய்விடுவேன். இரண்டு கையும் துணிச் சுற்றலில் இருக்க, உம்மா அவருக்குச் சோறு ஊட்டுவாள். எனக்கோ ஒரு கவளம்கூட இறங்கவில்லை. ஒரு மத்தியானம் உம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது, அவர் பாயருகே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மங்கலாகச் சிவந்தது, டேங்கர் வந்தது, நான் வாயை மூடிக்கொண்டது, எல்லாம்.

வாப்பா கூரையைப் பார்த்தபடி கேட்டார். “நானும் பாத்தேன்” என்றார். “குனிஞ்சு பாத்தேன். அந்த லாரிய மட்டும் தாண்டிட்டு நிறுத்திக்கலாம்னு நெனச்சேன். நீ சொல்லியிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். போ, போய்ச் சாப்பிடு.”

போய்ச் சாப்பிட்டேன். 

மழைக்காலம் முழுக்கத் தேடி வேறொரு எஞ்சின் கூடு கண்டுபிடித்து, விரைத்துப்போன விரல்களோடு வாப்பா அந்த வண்டியை மறுபடி ஓடவைத்தார். மாமி மறுபடி அதை ஓட்டினார். அந்தச் சத்தம் சந்து முனையில் கேட்டால் நான் உள்ளே ஓடி அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். பதினைந்து வயதுவரை அப்படித்தான்.

இன்று அந்த ஷெட் இல்லை. அந்தச் சந்து முழுவதையும் நீலத் தகரம் வைத்து அடைத்து, உள்ளே தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். மாமி போய்விட்டார். வண்டியைப் புனேக்காரர் ஒருவர் வாங்கிப் போனதாகச் சொன்னார்கள். உம்மாவும் இல்லை. வாப்பா கோபர்கைரனேயில் என்னோடுதான் இருக்கிறார். எழுபத்தாறு வயதாகிறது, நினைவெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. போன மாதம், என் மகள் லைசென்ஸ் எடுக்கப் போகிறேன் என்றபோது பேச்சு அந்த வண்டிக்குப் போனது. இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

“நெசமாவே நீங்க அந்த லைட்டப் பாத்தீங்களா, வாப்பா?”

டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். இனி சொல்லலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

“இல்லம்மா. நான் எங்க பாத்தேன்” என்றார். “நீ எட்டு நாளா சோறு எறங்காமக் கெடந்தே. வேற என்னத்தச் சொல்ல?”

நான் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார் என்ற அந்தப் பயம் முழுவதும் முப்பது வருஷத் தாமதத்தில் அப்படியே வந்து என் மடியில் உட்கார்ந்தது. தழும்பேறிய கையால் டம்ளரை மெல்லக் கீழே வைத்தவர், நான் இன்னும் சாப்பிடவில்லை என்பதைக் கவனித்து, மகளைக் கூப்பிட்டுத் தட்டு எடுத்து வரச் சொன்னார்.