மண் பிசைந்த ராணி

எனக்கு எண்பத்தொரு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். இப்போது கடல் கடந்து லாசால் என்ற ஊரில் மகள் வீட்டில் இருக்கிறேன்.

சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்குப் போகும் பேத்தி, நேற்றுப் பழைய சித்திரக்கதை ஒன்றை விரித்து வைத்திருந்தாள். முடி சூடிய ராணி ஒருத்தி மண்ணில் குழந்தை உருவம் பிடிக்கிறாள். அது உயிர் பெற்று, வளர்ந்து, உலகைக் காக்கும் வீராங்கனையாகிறது.

“இப்ப வாற புத்தகங்களில மண் இல்லை, அம்மம்மா. அவளுக்கு ஒரு அப்பாவைக் குடுத்திட்டினம்.”

“ராணி தனியப் பெத்தது ஆருக்கோ பொறுக்கேல்லை” என்றேன்.

இந்த ராணியை எனக்கு முன்பே தெரியும். மூன்றாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடம் போகாமல் மறித்திருந்த காலம். கொழும்பில் வேலை பார்த்த அண்ணை இதே கதையைக் கொண்டுவந்தார். அம்மா புற்றுமண் குழைத்து அடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஈரமண் மணத்துக்குள் அண்ணை படத்தைக் காட்டினார்.

“அடுப்புத்தானே போடுறாள்? தண்ணி கூடிப்போச்சு, வெடிக்கும்” என்றார் அம்மா.

அண்ணை சிரித்துவிட்டு மிச்சத்தைச் சொன்னார். வெளியுலகுக்குப் போகக் கூடாதென்று ராணி மகளை மறிக்கிறாள். வெளியே அனுப்ப ஆள் தெரிந்தெடுக்கும் போட்டியில் மகள் முகத்தை மூடிக்கொண்டு இறங்கி வெல்கிறாள். பிறகு ராணியே உடுப்புக் கொடுத்து அனுப்பிவைக்கிறாள்.

“அப்ப நானும் பள்ளிக்கூடம் போகட்டோ, அம்மா?”

“அவள் ராணி. அவளுக்கு அடுப்படியில ஆள் இருக்கு. நீ போய்த் தண்ணி அள்ளிக்கொண்டு வா.”

அள்ளிக்கொண்டு வந்தேன்.

என் பிள்ளைகள் படிக்கும்போது பக்கத்தில் இருந்து மிச்ச எழுத்துகளைப் பிடித்தேன். இந்தத் தாளில் இருக்கும் இவ்வளவும் நானே எழுதியது, என் கையெழுத்து.

“பிள்ளை, இஞ்ச வா. இதை ஒருக்கா வாசி. உன்ர அம்மாவுக்கும் கேக்கிற மாதிரிச் சத்தமா வாசி.”