மேசை என்று எழுதப்பட்ட மெஷின்

ஒரு தையல் மெஷின், தெருவைப் பார்த்த ஜன்னலோடு ஓர் அறை, 'சட்டைன்னா ஊசிகிட்டதான் தைக்கணும்' என்கிற பேச்சு, கடைசியாகத் தன் கையெழுத்து. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத தங்கை இத்தனையும் ஜெயித்தாள். ஒல்லி உடம்பு, அதனால் ஊசி என்றே கூப்பிட்டார்கள்.

சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் படுத்திருக்கும்போது, "ஜப்தி!" என்று கத்திக்கொண்டே அக்கா முழுப் போர்வையையும் இழுத்துக்கொள்வாள். அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் அர்த்தம் என்று இருவரும் நினைத்திருந்தார்கள்.

தங்கையின் கணவர் ஒரு நண்பன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் போட்டார். நண்பன் கம்பி நீட்டிவிட்டான். ஜப்தி செய்யக் கோர்ட்டு அமீனா வருகிறார் என்றதும், தங்கை மெஷினைத் தரைவரை போர்வையால் மூடி, மேலே நாலு தட்டு அடுக்கினாள். அமீனா 'மேசை ஒன்று' என்று பட்டியலில் எழுதினார். படிக்கத் தெரியாமல் அவள் கைநாட்டு வைத்தாள். ஆட்கள் தூக்கும்போதுதான் போர்வை நழுவியது.

"என்னம்மா, மேசைக்கு மிதிகட்டையெல்லாம் இருக்கு?"

"ஐயா, அது என் மெஷினு!"

"முதல்லயே சொல்லியிருந்தா தொட்டிருக்கவே மாட்டேன். இப்ப கைநாட்டு வச்சாச்சே."

கோர்ட்டு வாசலில் மனு எழுதுபவர்தான் விளக்கினார். "ஜப்தின்னா பிடுங்கிக்கிறது இல்லம்மா. கோர்ட்டு பிடிச்சு வச்சிருக்கும். ஏலம் போற வரைக்கும் உங்க பொருள்தான். அதுவும் பிழைக்கிற கருவியைப் பிடிக்கவே கூடாது."

அந்த மனுவில் வைத்ததுதான் அவளுடைய கடைசிக் கைநாட்டு.

மெஷின் நின்ற இடத்தில் நாலு கால் தடம். மத்தியான வெயில் அவற்றைத் தொட்டுத் தொட்டு நகரும். தங்கை எதிரே உட்கார்ந்து காற்றை மிதிப்பாள். சக்கரம் சுற்றுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. பக்கத்தில் இருந்த அக்காவுக்கும் கேட்டதுபோல இருந்தது.

அக்காவிடம் கையெழுத்துப் போடப் பழகினாள். பேனா அவள் விரலில் நிற்கவில்லை. "துணியில எழுதிக் குடுக்கா," என்றாள். அக்கா சாக்குக்கட்டியால் அவள் பெயரை எழுத, அவள் அதன்மேல் நீல நூல் ஓட்டினாள். இருபத்தாறு நாள், இருபத்தாறு துண்டு. அக்கா எண்ணி வைத்திருக்கிறாள். பிறகு கண்ணை மூடினாலும் விரல் அந்த வளைவுகளில் போய்க்கொண்டே இருந்தது.

மனு ஜெயித்தது. கோர்ட்டுக் கிடங்கில் குமாஸ்தா மைப்பெட்டியை நீட்டினார். தங்கை அதைத் தள்ளி வைத்தாள்.

"அக்கா, என்னன்னு எழுதியிருக்கு?"

"தையல் மெஷின் ஒன்று."

"மேசைன்னு எங்கயும் இல்லையே?"

"இல்லடி!"

பேனாவை ஊசிபோலப் பிடித்து, நூல் அறுந்துவிடாமல் இழுப்பதுபோல மெதுவாக எழுதினாள். முடித்ததும், பழக்கத்தில், நூலைக் கடிக்கக் குனிந்தாள்.

"பேப்பரைத் தின்னுடாதம்மா," என்றார் குமாஸ்தா.

கையெழுத்துக்குக் கீழே தேதியை அக்காதான் போட்டாள்: 11-8-1983.