வசந்தா அக்காவின் சாமுராய்கள்

வசந்தா அக்கா போயிட்டாங்க.

இன்னைக்குக் காலைல, பெங்களூர்ல மகன் வீட்டுல. தூக்கத்துலயே... மகன்தான் போன் பண்ணிச் சொன்னான்.

பைக்கை எடுத்துட்டு ஆபீஸ்தான் கிளம்பினேன். ஆனா இங்க போர்ட் பிளேர்ல, ஷாதிபூர்ல அவங்க இருந்த பழைய குவார்ட்டர்ஸ் வாசல்ல போய் நின்னுட்டேன். இப்ப அங்க வேற யாரோ இருக்காங்க. கொடியில துணி காயுது.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். அக்கா எங்க செக்‌ஷன்ல சீனியர் கிளார்க். பக்கத்து டேபிள் நான். ராமநாதபுரம் பக்கத்துக்காரங்க. வீட்டுக்காரர் தவறி, மகனும் படிக்க மெயின்லேண்ட் போனப்புறம் தனியாதான் இருந்தாங்க.

அப்பல்லாம் கடலடி இன்டர்நெட் கேபிள் வரல. போர்ட் பிளேர்ல ஒரு போட்டோ டவுன்லோட் ஆகுறதுக்குள்ள டீ ஆறிடும். மகன் யார்கிட்டயாவது பென் டிரைவ் குடுத்து விடுவான். அதுல ஒரு ஜப்பான் சீரியல். சாமுராய், கோட்டை, அரசியல்... அக்கா அதுல விழுந்தவங்கதான்.

லஞ்ச்ல டப்பாவைத் திறந்ததும் கதை ஆரம்பிச்சுரும். பெரிய பிரபு படுத்த படுக்கை. அடுத்து யாருன்னு ஆளாளுக்கு உள்குத்து. பாதி தமிழ், பாதி ஹிந்தி. பெங்காலி பிஸ்வாஸுக்கும் புரியணுமே!

ஒருநாள் ஒரு சாமுராய் தன் வயித்தைத் தானே கிழிச்சுக்கிட்டதை, எந்தப் பக்கம் குத்தி எந்தப் பக்கம் இழுத்தான்னு கரண்டியை வச்சே காட்டினாங்க. பிஸ்வாஸ் மீன் குழம்பை அப்படியே மூடி வச்சுட்டார். "தீதி, கானா தோ கானே தோ..." சாப்பிடவாவது விடுங்கன்னு கெஞ்சினார்.

அக்காவா விடுவாங்க? "அவன் மானத்துக்குச் செத்தான், உமக்கு மீனா பெரிசு?"

அந்தக் கதையில ஒரு வழக்கம். பிரபுக்களைத் தூரதேசத்துக்கு அனுப்பிட்டு, பொண்டாட்டி புள்ளைங்களைத் தலைநகர்ல பிணையா வச்சுக்குவாங்க. "நம்ம டிரான்ஸ்ஃபர் ஆர்டர் மாதிரியே இல்ல?"ன்னு கேட்டாங்க. செக்‌ஷனே சிரிச்சுது.

அடுத்த டிரான்ஸ்ஃபர் லிஸ்ட்ல என் பேர். நிக்கோபார் கடைசியில இருக்குற காம்ப்பெல் பே.

என் மனைவி அப்ப மாசமா இருந்தா. பிரஷர் ஏறிக்கிட்டே இருந்துச்சு. எப்ப வேணா சிக்கலாகலாம், பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருங்கன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாங்க. நான் ரெண்டு நாள் கப்பல் தூரத்துல போய் உக்காந்தா, இங்க டெய்ரி ஃபார்ம் ஏரியா வீட்டுல அவ தனியா... ஊர்ல இருந்து வர்றதுக்கும் ஆள் இல்ல.

கோபம் வந்தா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது. ஆபீசர் ரூமுக்குப் போய் ஆர்டரை மூஞ்சிலயே வீசணும்னு எந்திரிச்சேன்.

அக்கா சட்டையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சாங்க. "கத்தியை உருவிக்கிட்டு முதல்ல ஓடுறவன் முதல் எபிசோட்லயே செத்துருவான்டா. உக்காரு."

அப்புறம் டீ குடிக்கப் போற மாதிரி எந்திரிச்சுப் போனாங்க. வந்து ஃபைலைப் பார்த்தாங்க.

சாயங்காலம் பிஸ்வாஸ் சொல்லித்தான் தெரியும். எனக்குப் பதிலா தானே போறேன்னு உள்ளே எழுதிக் குடுத்துட்டு வந்திருக்காங்க.

சண்டைக்கே போனேன். உங்களை யாரு கேட்டா, இந்த வயசுல அங்க போய் என்ன பண்ணுவீங்க...

"எனக்கு இங்க யாரு உலை வச்சுக் காத்திருக்கா? அங்க போய் நிம்மதியா சீரியல் பாக்குறேன். நீ உன் வேலையப் பாரு."

ஆனா போன கொஞ்ச நாள்லயே லேப்டாப் புட்டுக்கிச்சு. அங்க ரிப்பேர் பண்ண ஆள் கிடையாது. பென் டிரைவ் என் வீட்டுக்கு வர ஆரம்பிச்சுது. நான் பார்த்துட்டு ஞாயித்துக்கிழமை போன்ல கதை சொல்லணும்.

என் லட்சணம் தெரியும்ல... "அவன் வந்தான், இவன் வெட்டினான்"னு முடிச்சுருவேன்.

"சபையில யாருக்குப் பக்கத்துல யாரு உக்காந்தா? அதைச் சொல்லாம என்னடா கதை? அரசியலே அங்கதானே இருக்கு!"

அப்புறம் நான் நிறுத்தி நிறுத்திப் பார்க்கக் கத்துக்கிட்டேன். என் மனைவியும் பக்கத்துல உக்காந்து, வயித்துல கையை வச்சுக்கிட்டு, "அந்தப் பச்சை டிரஸ் மந்திரி திரும்பிப் பார்த்தானே, அதையும் அக்காகிட்ட சொல்லுங்க"ன்னு எடுத்துக் குடுப்பா. நல்ல நாளுங்க அதெல்லாம்.

டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாடியே வலி வந்துருச்சு. மழைக்காலம். ரத்தம் நிறைய போகுது, ரத்தம் குடுக்க ஆள் ஏற்பாடு பண்ணுங்கன்னாங்க. நான் ஓடாத இடம் இல்ல. பிஸ்வாஸ் பெரார்கஞ்ச்ல இருந்து மச்சானையும் இழுத்துட்டு வந்து ரத்தம் குடுத்தார்.

அந்த வாரம் பூரா கடல் மோசம். காம்ப்பெல் பேல இருந்து கப்பலும் கிளம்பல, ஹெலிகாப்டரும் பறக்கல.

லைன் கிடைக்கிற வரைக்கும் விடாம அடிச்சிருக்காங்க அக்கா. "பொண்ணுக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க"ன்னு சொன்னேன்.

லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சேன். அழுதுட்டு இருந்திருக்காங்க. வயித்தைக் கிழிச்சுக்கிட்ட சாமுராய் கதையைச் சோறு தின்னுக்கிட்டே சொன்ன பொம்பளை...

"சரி, எங்கிட்ட என்ன பேச்சு. போய் அவ பக்கத்துல இரு"ன்னு வச்சுட்டாங்க.

பாப்பா கைக்குழந்தையா இருக்கும்போதே அக்கா ரிட்டயர் ஆகி பெங்களூர் மகன்கிட்ட போயிட்டாங்க. பாப்பாவுக்கு இப்ப ஆறு வயசு. இதை டைப் பண்றப்ப தோள்ல தொங்கிக்கிட்டு, "யாருப்பா இந்த ஆன்ட்டி?"ன்னு போட்டோவைத் தொட்டுத் தொட்டுக் கேக்குறா.

நிம்மதியா தூங்குங்க அக்கா.

அந்தக் காம்ப்பெல் பே கப்பல்ல நான்தான் போயிருக்கணும்.