யூனிஃபார்மோடு வந்தவர்கள்

ஜெர்மனியில் இசையரங்கத்துக்குள் நுழையும்போதெல்லாம் என் பின்னால் யாரையோ தேடுகிறார்கள். போன மாதமும் வாசலில் நின்ற பெண் கனிவாகத்தான் கேட்டார்: "யாரை அழைத்து வந்திருக்கிறீர்கள்?" "என்னைத்தான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, சக்கர நாற்காலி எங்கே என்று எட்டிப் பார்த்தார். உள்ளே முழுக்க நரைத்த தலைகள். நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ் என்பது உண்மைதான். ஆனால் பாட்டுக் கேட்க வந்திருப்பேன் என்று மட்டும் ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை?

இந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலைத் தொழிலாளியின் மகள் நான். படிக்கிற காலத்தில் மின்சார ரயிலேறிச் சென்னைக் கச்சேரிகளுக்குப் போவேன். அங்கே பழக்கமான தேவி இன்று மேடைப் பாடகி. இரண்டு வருடத்துக்கு முன் விடுப்பில் ஊருக்கு வந்தபோது, அவளும் நானும் ஒரு சபா செயலாளரைப் பார்க்கப் போனோம். இளைஞர்கள் வருவதே இல்லை என்று அரைமணி நேரம் புலம்பினார். "எங்க ஊர்ல நடத்துங்க சார், தொழிற்பேட்டை முழுக்கச் சின்ன வயசுக்காரங்கதான்" என்றேன். சிரித்துவிட்டார். "அங்க யாரும்மா இதையெல்லாம் கேக்கப் போறா?"

அந்தச் சிரிப்புக்காகவே நடத்தினேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபம், ஞாயிறு மாலை நான்கு மணி. யூனிஃபார்மோடு வரலாம், பிடிக்கவில்லையென்றால் எழுந்து போகலாம் என்று எழுதி, கம்பெனி பஸ் நிற்குமிடங்களில் ஒட்டினோம். நான்கு மணிக்குப் பன்னிரண்டு பேர். நாலரைக்கு முதல் ஷிஃப்ட் முடித்த பெண்கள் ஹாஸ்டலிலிருந்து கூட்டமாக வந்தார்கள். தேவி ஒரே வரியை எடுத்து விரித்துக்கொண்டிருந்தபோது, செல்போன் ஆலையில் வேலை செய்யும் கௌரி எழுந்து நின்றாள். "அக்கா, அதே வரிய இன்னாத்துக்கு திருப்பித் திருப்பிப் பாடிக்கினு கீறீங்க?"

மண்டபம் சிரித்தது. தேவி சிரிக்கவில்லை. "வரி ஒண்ணுதாம்மா. ஒவ்வொரு தடவையும் வேற வழியா உள்ள போறேன். எங்க திரும்புறேன்னு பாரு" என்று மறுபடி பாடினாள். நான்காவது முறை, தேவி திரும்புவதற்கு முன்பே கௌரி, "இந்தா, இப்ப திரும்புவாங்க!" என்று கத்தினாள். கைதட்டல் அடங்க நேரமானது.

வேடிக்கை பார்க்க வந்திருந்த செயலாளர் முகம் சுளித்தார். "நடுவுல கத்துறது கச்சேரிக்கு மரியாதை இல்லம்மா." "ஆளே வரலன்னு அழுதீங்க சார். இப்ப வந்தவங்க வாயை மூடணுங்கிறீங்களா?" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். சிலர் பாதியில் எழுந்து போனதும் உண்மை. போகட்டும். வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இப்போது கௌரியும் தோழிகளும் மாதம் ஒருமுறை அதே மண்டபத்தில் நடத்துகிறார்கள். கௌரி என்னை வீடியோவில் அழைத்து, முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் செல்போனைச் சாய்த்து வைப்பாள். "உங்க சீட்டுல யாரையும் உக்கார உடலக்கா." இங்கே ஜெர்மனியில் அப்போது நண்பகல்; ஞாயிறன்று சத்தம் கூடாது என்பது எங்கள் குடியிருப்பின் சட்டம். போன தடவை மின்விசிறிக் காற்றில் செல்போன் சரிந்து விழுந்தது. முகங்கள் மறைந்தன, மண்டபத்துக் கூரை மட்டும் தெரிந்தது, பாட்டு நிற்கவில்லை. சமையலறை மேசையில் ஓங்கித் தாளம் போட்டேன். கீழ்வீட்டுக்காரர் சத்தத்தை நிறுத்தச் சொல்லித் தன் கூரையைக் கீழிருந்து தட்டினார். அடுத்த அடியை இன்னும் ஓங்கிப் போட்டேன்.