எல்லாரும் வேகம் பார்த்தார்கள், நான் வாட்ஸ் பார்த்தேன்

அக்காவுக்கு நான் மூன்று லட்சம் கடன்பட்டிருந்தேன். முப்பது வருஷம் நர்ஸ் வேலையில் நின்றே தேய்ந்துபோன முழங்காலுக்கு ஆபரேஷன் செய்ய அவள் சேர்த்து வைத்திருந்த பணம்.

"ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சாச்சுடா. பதினஞ்சாம் தேதிக்குள்ள என் கையில இருக்கணும்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். நான் அத்தனையையும் போட்டு, கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுக்கும் ஆயிரம் வாட்ஸ் பவர் சப்ளை நாற்பது வாங்கிக் கடையில் அடுக்கிவிட்டேன்.

நான் அஞ்சாவதோடு நின்றவன். ஆனாலும் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் இந்த வட்டாரத்தில் என் கடைதான். பட்டம் வாங்கினவர்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான்.

புது கிராஃபிக்ஸ் கார்டு வரப்போகிறது என்று ஆறு மாசமாக ஒரே பேச்சு. கேம் ஆடுகிறவர்கள் பழைய கார்டை விற்றுவிட்டுக் காத்திருந்தார்கள். அது எவ்வளவு கரண்டு இழுக்கும் என்று மட்டும் கம்பெனி மூச்சு விடவில்லை. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது, வயர் எண்ண வரும். நான் தொழிலுக்கு வந்தபோது கார்டுக்குத் தனி வயரே கிடையாது. அப்புறம் ஒன்று வந்தது, அப்புறம் இரண்டு, போன தடவை மூன்று. இந்தத் தடவை மட்டும் குறைந்துவிடுமா?

இன்ஜினியர் மருமகன் சிரித்தார். "சிப்பு சின்னதா ஆக ஆக கரண்டும் கம்மியாத்தான் இழுக்கும் மாமா. நாப்பதையும் வச்சு என்ன பண்ணுவீங்க, கதவுக்கு முட்டுக் கொடுக்கவா?"

"உங்க கல்யாணத்துக்கு சீரியல் லைட்டு போட்டதே நான்தான் மாப்பிள்ளை. கரண்டைப் பத்தி எனக்கே பாடமா?"

வாய்தான் அப்படிப் பேசியது. ராத்திரியெல்லாம் அக்காவின் முழங்கால்தான் கண்ணுக்குள் நின்றது.

கார்டை அறிவித்த அன்று காலை கடையில் நிற்க இடமில்லை. சுவர் டிவியில் நேரலை. அக்காவும் வந்து ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். வேகத்தைச் சொன்னார்கள், விசில் பறந்தது. விலையைச் சொன்னார்கள், "ஐயையோ!" என்று ஒரே சத்தம். வாட்ஸ் மட்டும் வரவில்லை. கடைசியில் திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ வந்தது.

"மாப்பிள்ளை, என்ன போட்டிருக்கு?"

அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "நானூத்தம்பது வாட்ஸ்... ஆயிரம் வாட்ஸ் பவர் சப்ளை கட்டாயம் வேணுமாம் மாமா."

நான் போட்ட கூச்சலில் விசிலெல்லாம் அமுங்கிப்போனது.

"அண்ணே, ஆயிரம் வாட்ஸ் ஒண்ணு கிடைக்குமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஒண்ணா? நாப்பது இருக்கு. வரிசையில நில்லுங்க!"

முதல் ஆளாக நின்றது என் மருமகன். அவருக்கும் தள்ளுபடி கொடுக்கவில்லை.

பன்னிரண்டாம் தேதிக்குள் அலமாரி காலி. அன்று சாயங்காலமே அக்கா வந்தாள்.

"என் வயர் கணக்கு எப்படி அக்கா? எந்த இன்ஜினியருக்காவது..."

"பீத்தினது போதும், எண்ணுடா" என்று கையை நீட்டினாள்.

ஐந்நூறு ரூபாய் நோட்டில் ஐந்து கட்டுகளை அவள் மடியில் வைத்தேன். ஆறாவதைப் பிரித்து, விரித்த உள்ளங்கையில் ஒவ்வொரு நோட்டாக வைத்தேன். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு.