ஆளில்லாத படம்

இந்தக் குவைத்தில் சுவரில் மாட்டுகிற படத்தில் ஆளே இருப்பதில்லை. நான் துடைத்துப் பெருக்கும் ஆபீசில், மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் அப்படி ஒன்று தொங்கியது. அச்சடித்த படம்தான். மேலே சாம்பல், நடுவில் மங்கிய காவி, கீழே வெளுத்த பச்சையில் நாலு இழுப்பு. வரைந்தவன் தூரிகை துடைத்த தாளை விற்றுவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். துடைக்கத் துடைக்க, வேடசந்தூருக்கு மேற்கே எங்கள் மானாவாரிக் காடு சித்திரை மாதத்தில் கிடக்கிற கிடப்பு அதில் தெரிந்தது. "சார், மை வில்லேஜ்" என்றேன். நான் படத்தைக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் மேனேஜர். ஆபீசுக்குப் பெயின்ட் அடித்தபோது கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்.

முதல் லீவுக்குக் கிளம்பும் முன், சுவரில் மாட்ட ஒரு படம் கொண்டுவருகிறேன் என்று அம்மாவுக்குக் கடிதம் போட்டேன். என்னைப் போல இங்கே வந்து கிடக்கிறவர்களே, ஊருக்கு எழுதும்போது விவரமாக எழுதுங்கள். எண்பத்தைந்தில் நான் இங்கே வந்த ஆறாம் மாதம் அப்பா செத்துப்போனார். பாஸ்போர்ட் கம்பெனி பீரோவில் இருந்தது, போக முடியவில்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் சுவரேறுவது சாமி, இல்லையென்றால் இறந்தவர். அப்பாவுக்கோ ஒரு போட்டோகூடக் கிடையாது. நான் வீட்டுக்குள் நுழைந்தால், ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். தாம்பாளத்தில் சம்பங்கி மாலை. பாய் நிறையச் சொந்தக்காரர்கள்.

படத்தைச் சுற்றியிருந்த சாக்கைப் பிரித்தேன். அம்மா கண்ணாடிமேல் விரல் வைத்து மூலை மூலையாகத் தேடினாள்.

"அப்பா எங்கடா இதுல?"

"வெயிலுக்கு எங்கிட்டாச்சும் ஒதுங்கியிருப்பாருக்கா" என்றார் அவள் தம்பி. கூட்டமே சிரித்தது. வேறு வீடாக இருந்தால் அந்தக் கேலியை நான் சொல்லியிருப்பேன்.

"பாரின்ல எல்லாம் செய்வாகன்னு நெனச்சேன்டா" என்றாள் அம்மா.

பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கத் திண்டுக்கல் ஸ்டுடியோவுக்குப் போன அன்று அப்பாவும் கூட வந்தார். தண்ணீர் தொட்டுத் தலையை வாரிக்கொண்டு, "எனக்கும் ஒண்ணு எடுப்பமாப்பு?" என்றார்.

"எதுக்கு? சோளக்காட்டுல குருவி வெரட்டவா?" என்றேன்.

ஸ்டுடியோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவும் சிரித்துக்கொண்டே வெளியே போய் நின்றுகொண்டார்.

அப்பா படத்துக்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்க, மறுநாள் அந்தப் படத்தையும் தூக்கிக்கொண்டு அதே ஸ்டுடியோவுக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். ஸ்டுடியோக்காரர் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"அப்பன் சாடை அப்பிடியே இருக்குல்ல தாயி? இவன் நெகட்டிவ் எங்கிட்ட கெடக்கு. பெருசு பண்ணி, மீசையும் நரையும் தீட்டிட்டா முடிஞ்சது. கண்ணாடியும் சட்டமும்தான் நீங்களே கொண்டாந்திருக்கீகளே."

அம்மா தலையாட்டினாள். நான் படத்தை எடுத்து நீட்டினேன். அந்தக் காட்டின் மேலேயே என் முகத்தை வைத்து மூடி, பின்னால் அட்டை அடித்துக் கொடுத்துவிட்டார்.

நான் கிளம்புகிற அன்று காலையில் அம்மா அதற்கு மாலை போட்டு விளக்கேற்றினாள். சுவரில் இருந்த என்னைப் பார்த்து, அப்பாவை நினைத்து அழுதாள். பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று பையோடு அவள் முன்னால் போய் நின்றேன்.

"தள்ளி நில்லுடா" என்றாள். "அவரு மொகத்த மறைக்கிற."