இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர்

சூலியா தெருவில் வீடுகளுக்கு நடுவே இடைவெளி கிடையாது. இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர்தான். போரில் ஜப்பானியர் ஊரைப் பிடித்தபின் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் மாடிச் சுவரில் ஆள் நுழையும் துளை போட்டோம். சிப்பாய்கள் எந்த வீட்டுக்குள் வந்தாலும், அந்த வீட்டுப் பெண்பிள்ளை அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

ஒரு நாள் காலை சிப்பாய்கள் அவர் வீட்டுக் கதவை உடைத்தார்கள். துளை வழியே என் மகளிடமும் வந்துவிடுவார்களோ என்று, அலமாரியைத் தள்ளித் துளையை அடைத்தேன்.

“மாமா, நான்தான்லா! தொறங்க மாமா!” துளைக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல்.

என் மகள் அலமாரியை இழுத்தாள். இழுக்கவிடாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சிப்பாய்கள் மாடி ஏறவில்லை. கீழே இருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். அலமாரியை நகர்த்தினேன். அந்தப் பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வாம்மா” என்றேன்.

“இப்ப எதுக்கு மாமா?”

மறுநாள் அவள் அப்பா அந்தத் துளையைச் செங்கல் வைத்துப் பூசிவிட்டார். என் மகளுக்கும் போக இடமில்லாமல் போயிற்று.